வீட்டு வாசலில் எவ்வளவு பனி? ஏரிப் பனியைக் கணிக்கவும் அளக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் பஃபலோ பக்கமோ கனடாவில் பாரி பக்கமோ இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது இன்று ஸ்னோ எவ்வளவு என்றுதான். ஊர்ப் பெயரைப் போட்டால் 10 செ.மீ. என்று ஒரே ஒரு எண் வரும். உங்கள் வாசலில் புல்கூட மூடியிருக்காது, பதினைந்து நிமிடம் தெற்கே இருக்கும் நண்பர் வீட்டுக் கதவைத் திறக்க முடியாமல் நிற்பார். ஒரு ஊருக்கு ஒரு எண் என்ற கணக்கு ஏரிப் பனிக்கு, அதாவது பெரிய ஏரியின் ஈரத்தை வாங்கிவந்து விழும் பனிக்கு, ஒத்து வராது. இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் தனிக் கணக்கு, அந்தக் கணக்கைக் காற்றின் திசைதான் போடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் முதல் நாள் இரவே நீங்கள் ஓரளவு ஊகித்துவிடலாம், மறுநாள் காலையில் ஒழுங்காக அளந்து பார்த்து ஊகம் சரியா என்றும் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கார்பரோ, மார்க்கம், பஃபலோ, கிளீவ்லாண்ட், டெட்ராய்ட் என்று ஐம்பெரும் ஏரிகளைச் சுற்றி நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கிறோம், வருடா வருடம் இந்தப் பனியில் வண்டி ஓட்டுகிறோம், ஆனால் இதைப் பற்றித் தமிழில் படி படியாக எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் இந்த நீளமான பதிவு. உதாரணங்களை ஈரி, ஒன்டாரியோ ஏரிகளிலிருந்தும் ஹ்யூரன் ஏரியின் ஜார்ஜியன் பே பகுதியிலிருந்தும் எடுத்திருக்கிறேன். மிச்சிகன், சுப்பீரியர் கரைகளில் இருப்பவர்களுக்கும் முறை அதேதான், திசைதான் மாறும்.

முதலில், இது எப்படி உண்டாகிறது

சாதாரணக் குளிர்காலப் பனி, பெரிய தாழ்வழுத்தம் ஒன்று நகர்ந்து வரும்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய சீராக விழும். ஏரிப் பனி, அதாவது எல்லாரும் லேக் எஃபெக்ட் ஸ்னோ என்று சொல்வது, பெரும்பாலும் அந்தப் புயல் கடந்து போன பிறகு ஆரம்பிக்கும். புயலின் முதுகுப் பக்கமாகக் கனடாவின் வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்கி ஏரிமேல் ஓடும். கோடை முழுக்கச் சேர்த்து வைத்த வெப்பம் தண்ணீரில் இன்னும் மிச்சம் இருக்கும். காற்றின் அடிப்பகுதி சூடாகி, ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலே எழும். எழுந்ததும் குளிர்ந்து மேகமாகி, எதிர்க்கரையை நெருங்கும்போதே பனியாகக் கொட்டத் தொடங்கிவிடும். கரையேறியதும் நிலத்தின் உராய்வால் காற்று வேகம் குறைந்து நெரிசலாகும், அங்கே ஒரு மேடும் இருந்தால் காற்றை இன்னும் மேலே ஏற்றிவிடும். அதனால்தான் கரையை ஒட்டிய இடத்தைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் மேட்டு நிலத்தில் பனி கூடுதலாக விழுகிறது.

மேடு என்றால் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று பார்க்க ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே உள்ள டக் ஹில்லைப் பாருங்கள். ஏரி மட்டம் கடலிலிருந்து சுமார் 75 மீட்டர், டக் ஹில் உச்சி 600 மீட்டருக்கு மேல். 2007 பிப்ரவரியில் அங்கே ரெட்ஃபீல்ட் என்ற சின்ன ஊரில் 10 நாளில் 141 அங்குலம், அதாவது மூன்றரை மீட்டருக்கு மேல் விழுந்தது. சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பத்தில் 1978-79 பருவத்தில் மொத்தம் 390.4 அங்குலம், கிட்டத்தட்ட 10 மீட்டர்.

நவம்பரும் டிசம்பரும் ஏன் முக்கியம்? காற்று நன்றாகக் குளிர்ந்துவிட்டது, தண்ணீர் இன்னும் குளிரவில்லை, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்போதுதான் பெரிது. ஈரி ஏரி ஆழமில்லாதது, சராசரி ஆழம் 19 மீட்டர்தான். சீக்கிரம் குளிரும், பல வருடங்களில் ஜனவரி பிப்ரவரியில் பெரும்பகுதி உறைந்துவிடும், உறைந்ததும் ஈரம் கிடைப்பது அநேகமாக நின்றுபோகும். ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், அது முழுதாக உறைவது அபூர்வம். எனவே ஈரிக் கரைக்காரர்களுக்கு முன்குளிர்காலம்தான் உச்சம், டக் ஹில்காரர்களுக்கு மார்ச் வரை ஓயாது.

படி 1: உங்கள் வீட்டிலிருந்து கோடு போடுங்கள்

இது ஒரே ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை, ஆனால் மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. வரைபடத்தைத் திறந்து உங்கள் வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏரிப் பக்கமாகப் பல திசைகளில் கோடு இழுத்து, ஒவ்வொரு கோடும் எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் போகிறது என்று எழுதி வையுங்கள். இதைத் தண்ணீர்த் தூரம் என்று வைத்துக்கொள்வோம். காற்று அந்தக் கோட்டில் உங்களை நோக்கி வந்தால் அவ்வளவு தூரம் ஈரத்தைக் குடித்துவிட்டு வருகிறது என்று அர்த்தம். 100 கி.மீ.க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய திசை, 200க்கு மேல் போனால் பெரிய பனி வரக்கூடிய திசை.

காற்றுத் திசையை டிகிரியில் சொல்வார்கள், காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை. வடக்கு 360, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.

ஈரி ஏரி 388 கி.மீ. நீளம், அகலமான இடத்தில்கூட 92 கி.மீ.தான். நீளவாக்கில் காற்று வந்தால், அதாவது ஏறத்தாழ 240 முதல் 250 டிகிரி, முழு ஏரியின் ஈரமும் ஒரே பட்டையாகத் திரண்டு பஃபலோ நகரத்தின்மேல் விழும். காற்று 260, 270 என்று மேற்காகத் திரும்பினால் பட்டை தெற்கே இறங்கி ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் போய்விடும். இன்னும் வடமேற்காகத் திரும்பினால் ஏரியைக் குறுக்கே கடக்கும், தண்ணீர்த் தூரம் குறையும், ஒற்றைப் பட்டை உடைந்து பல மெல்லிய கீற்றுகளாகி ஷடாக்குவா மேட்டிலும் கிளீவ்லாண்டுக்குக் கிழக்கேயும் விழும். பத்து இருபது டிகிரியில் தலைவிதியே மாறிவிடுகிறது பாருங்கள். தோட்டத்துக் குழாயின் முனையைக் கொஞ்சம் திருப்பினால் தண்ணீர் விழும் இடம் எவ்வளவு தள்ளிப்போகுமோ அப்படித்தான் இதுவும்.

டொரன்டோக்காரர்கள் கேட்கலாம், ஏரிக்கரையில்தானே இருக்கிறோம், நமக்கு ஏன் இந்த அளவுக்கு வருவதில்லை என்று. குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது, ஒன்டாரியோ ஏரியோ நமக்குத் தெற்கேயும் தென்கிழக்கேயும் இருக்கிறது. காற்று நம்மைத் தாண்டிய பிறகுதான் அந்த ஏரியைத் தொடுகிறது, அந்தப் பனி எதிர்க்கரையில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் நெடுஞ்சாலை 400இல் வடக்கே பாரி வரை போனால் கதை மாறிவிடும். அங்கே ஜார்ஜியன் பே தண்ணீர் வேலை செய்கிறது. சில நாள்களில் அந்தப் பட்டைகள், இங்கே ஸ்ட்ரீமர் என்று சொல்வது, நீண்டு வந்து வாஹன், மார்க்கம் வரைகூட எட்டும். கிழக்குக் காற்று வீசும் புயல் நாள்களில் மட்டும் ஒன்டாரியோ ஏரி தன் பங்குக்கு ஹாமில்டன் பக்கம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும்.

படி 2: தண்ணீர் எவ்வளவு சூடு, மேலே எவ்வளவு குளிர்

இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று ஏரியின் மேற்பரப்பு வெப்பநிலை. ஆன் ஆர்பரில் இருக்கும் பெரும் ஏரிகள் சுற்றுச்சூழல் ஆய்வகம் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தினமும் வரைபடம் வெளியிடுகிறது, இலவசம். பஃபலோவில் குடிநீர் நிலையத்தில் எடுக்கும் ஏரி வெப்பநிலையை 1927 முதல் பதிந்து வருகிறார்கள், அதைப் பழைய வருடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, சுமார் 1.5 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை. வானிலைத் தளங்களில் இதை 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டம் என்று போட்டிருப்பார்கள், மாதிரிகள், அதாவது கணினி போடும் வானிலைக் கணிப்புகள், தரும் வரைபடங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கும்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வித்தியாசம் 13 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏரிப் பனிக்கு வாய்ப்பு உண்டு. ஏரி 9 டிகிரி, மேலே மைனஸ் 8 என்றால் வித்தியாசம் 17, நல்ல பலமான நிலை. இந்த 13 சும்மா வந்த எண் இல்லை. மேலே எழும் காற்று, மேகமாகும்வரை, கிலோமீட்டருக்கு 10 டிகிரி வாக்கில் குளிரும். ஒன்றரைக் கிலோமீட்டரில் 13, 14 டிகிரி குளிர்ந்த பிறகும் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் அது நிற்காமல் ஏறிக்கொண்டே போகும்.

படி 3: காற்று எல்லா உயரத்திலும் ஒரே பக்கம் வருகிறதா

தரையில் தென்மேற்கு, 3 கி.மீ. உயரத்தில் வடமேற்கு என்று இருந்தால் மேகம் கிழிந்துவிடும். தரைக்கும் 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்கும், அதாவது அந்த 3 கி.மீ. உயரத்துக்கும், நடுவே திசை வித்தியாசம் 30 டிகிரிக்குள் இருந்தால் பட்டை திரண்டு நிற்கும், 60ஐத் தாண்டினால் சிதறிப்போய் வெறும் தூறல் பனியாகிவிடும். என் அனுபவத்தில் புதிதாகப் பார்ப்பவர்கள் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். குளிர் இருக்கிறது, ஏரி சூடாக இருக்கிறது, அப்புறம் ஏன் ஒன்றும் வரவில்லை என்று குழம்புவார்கள்.

படி 4: மூடி எவ்வளவு உயரத்தில்

குளிர்காற்றுக்கு மேலே ஓரிடத்தில் சூடான அடுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும், இன்வெர்ஷன் என்பார்கள். எழும் மேகம் அதில் முட்டி நின்றுவிடும். அது 1 கி.மீ. உயரத்தில் இருந்தால் மேகம் குட்டை, பனியும் லேசு. 3 கி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மேகம் தாராளமாக வளரும், மணிக்கு 5 முதல் 10 செ.மீ. என்று கொட்டும், சில நேரம் இடி மின்னலோடு. அதே மேகத்துக்குள் மைனஸ் 12க்கும் மைனஸ் 18க்கும் நடுவே உள்ள அடுக்கு தடிமனாக இருந்தால் நட்சத்திர வடிவப் பெரிய செதில்கள் உண்டாகும், அவை ஒன்றின்மேல் ஒன்று காற்றிடைவெளியோடு அடுக்கிக்கொள்ளும், குறைந்த தண்ணீரிலேயே பெரிய உயரம் சேர்ந்துவிடும்.

இதையெல்லாம் நீங்களே வரைபடத்தில் தேடச் சோம்பலாக இருந்தால் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் பஃபலோ அலுவலகம் தினமும் பல முறை முன்னறிவிப்பு விவாதம் என்று உரைநடையில் எழுதிப் போடுகிறது. பணியில் இருக்கும் வானிலையாளர் தன் கையால் எழுதுவது, எந்த மாதிரியை நம்புகிறார், எதில் சந்தேகம் என்று வெளிப்படையாகச் சொல்வார். முதலில் கடினமாக இருக்கும், ஒரு மாதம் தொடர்ந்து படித்தால் பழகிவிடும். இதைவிட நல்ல இலவசப் பாடம் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

மாதிரிகளில் எதைப் பார்ப்பது? ஹெச்.ஆர்.ஆர்.ஆர். என்ற அமெரிக்க மாதிரி 3 கி.மீ. கட்டங்களில் மணிக்கு மணி புதுப்பிக்கப்படுகிறது. கனடாவின் ஹெச்.ஆர்.டி.பி.எஸ். மாதிரிக்கு 2.5 கி.மீ. கட்டம். பட்டையின் வடிவத்தைப் பிடிக்க இப்படிச் சின்னக் கட்டங்கள் வேண்டும். உலகம் முழுவதற்குமான பெரிய மாதிரிகள் 10, 20 கி.மீ. அகலப் பட்டையை இழுத்துப் பரப்பி எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டுவிடும், போனில் வரும் எண் பல நேரம் தவறுவது இதனால்தான்.

படி 5: பனியா, மழையா

இது முன்குளிர்காலத்துக்கே உரிய கேள்வி. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஏரித் தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் இருக்கும், அது கரையோரக் காற்றையும் சூடாக்கிவிடும். கரையில் குளிர்ந்த மழை, பத்து கி.மீ. உள்ளே மேட்டில் கனமான ஈரப்பனி என்று ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும். 850 மட்டத்தில் மைனஸ் 5 அளவில் இருந்தால் இந்த இழுபறியை எதிர்பாருங்கள், மைனஸ் 8க்குக் கீழே போனால் கரையிலும் பனியாக மாற நல்ல வாய்ப்பு. சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளாக, விரலால் நசுக்கினால் பொடியாகும் ஒன்று இந்தச் சமயத்தில் அடிக்கடி விழும். அது ஆலங்கட்டி இல்லை, கிராபல், அளக்கும்போது பனிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஈரப்பனியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2006 அக்டோபர் 12, 13இல் பஃபலோ விமான நிலையத்தில் 22.6 அங்குலம் விழுந்தது. ஏரி அப்போது 16 டிகிரிக்கு மேல் இருந்தது, மரங்களில் இலை உதிரவில்லை. அந்த இலைகள் பனியைத் தாங்கி நின்றதில் கிளைகள் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்து, லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது, சில இடங்களில் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

படி 6: அன்றைய நாள், ரேடாரும் வானமும்

பட்டை உருவான பிறகு மாதிரிகளை விட்டுவிட்டு ரேடாரைப் பாருங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தை ஓடவிட்டுப் பட்டை வடக்கே ஏறுகிறதா, தெற்கே இறங்குகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்ற இடத்தில் நிற்பதுதான் ஆபத்து. 2014 நவம்பர் 17 முதல் 19 வரை அப்படித்தான் ஆனது. பஃபலோவுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள ஊர்களில் 5 அடிக்கு மேல் குவிந்தது, சில கிலோமீட்டர் வடக்கே இருந்தவர்களுக்குச் சில அங்குலம்தான். த்ருவே நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒரு நாளுக்கு மேல் சிக்கிக் கிடந்தன. 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம், பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் உள்ளூர் ஆட்டத்தையே டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். கனடாவில் 2010 டிசம்பரில் சார்னியாவுக்குக் கிழக்கே நெடுஞ்சாலை 402இல் நூற்றுக்கணக்கானோர் வண்டிகளோடு மாட்டிக்கொண்டு, ராணுவ ஹெலிகாப்டர் வந்து மீட்க வேண்டியதாயிற்று.

ரேடாரில் ஒரு குறை உண்டு. இந்த மேகங்கள் உயரம் குறைந்தவை. ரேடார் கதிரோ தூரம் போகப் போக உயர்ந்துகொண்டே போகும், 100 கி.மீ.க்கு அப்பால் பல நேரம் மேகத்தின் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். திரையில் ஒன்றும் இல்லை, வெளியே கண் தெரியாத பனி என்று ஆவது இப்படித்தான். உங்கள் வீடு எந்த ரேடாருக்கு எத்தனை கி.மீ. என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டக் ஹில்லில் மான்டக்யூவில் ஒன்று, பஃபலோ விமான நிலையத்தில் ஒன்று, டொரன்டோவுக்கு வடக்கே கிங் சிட்டியில் ஒன்று, லண்டன் ஒன்டாரியோவுக்கு அருகே எக்ஸிட்டரில் ஒன்று.

வானத்தையும் பாருங்கள். பட்டைக்கு வெளியே நிற்கும்போது தலைக்கு மேலே நீல வானம், வெயில், தெற்கே மட்டும் அடிவானத்தில் கருஞ்சாம்பல் சுவர் ஒன்று எழும்பி நிற்கும். சுவரின் மேல் விளிம்பு வெளுப்பாக, கத்தியால் வெட்டிவிட்ட மாதிரித் தெளிவாக இருக்கும், அடிப்பகுதியில் தரையும் மேகமும் பிரித்தறிய முடியாமல் வெள்ளையாகக் கலந்திருக்கும். சாலை அந்தச் சுவருக்குள் போகிறது என்றால் ஒரு நிமிடத்துக்குள் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு மறைந்துவிடும். நுழைவதற்கு முன்பே வெளியேறும் வழி எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கிக் காத்திருங்கள். கனடாவில் ஸ்னோ ஸ்குவால் எச்சரிக்கை, அமெரிக்காவில் லேக் எஃபெக்ட் ஸ்னோ எச்சரிக்கை என்று வந்தால் அது இந்தச் சுவரைப் பற்றித்தான்.

வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். ஹீட்டரின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவர் வழியாகத் தாழ்வாக வெளியே வரும். பனி ஏறி அதை மூடினால் ஹீட்டர் நின்றுபோகும், அல்லது கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். பெரிய பனி விழும்போது இரவில் படுக்கும் முன் ஒரு தடவை போய் வழித்துவிட்டு வாருங்கள். பனியில் மாட்டிய வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாலும் பின்னால் புகை வரும் குழாயை முதலில் சுத்தம் செய்யுங்கள்.

படி 7: அளப்பது

ஒவ்வொரு தெருவுக்கும் தனிக் கணக்கு என்றால், அந்தக் கணக்கை எழுத அந்தத் தெருவில் ஒரு ஆள் வேண்டும். பல தானியங்கி வானிலை நிலையங்கள் பனியின் உயரத்தை அளப்பதே இல்லை. செய்தியில் வரும் எண்களில் பெரும்பங்கு யாரோ ஒருவர் தன் கொல்லையில் அளவுகோலோடு குனிந்து பார்த்து அனுப்பியது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

தேவைப்படுவது ஒரு பலகை, ஒரு அளவுகோல். பலகை 40 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவில் ஒட்டுப்பலகை, ஒன்றேகால் செ.மீ. தடிமன், மேலே வெள்ளைப் பெயின்ட். வெள்ளை ஏன் என்றால் கருமையான பலகை வெயிலை வாங்கிச் சூடாகி அடியிலிருந்து பனியைக் கரைத்துவிடும். அளவுகோலில் பூஜ்யம் சரியாக முனையிலிருந்தே தொடங்க வேண்டும், பள்ளிக்கூட ஸ்கேல்களில் முனையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதை அறுத்துவிடுங்கள்.

முதல் பனிக்கு முன்பே பலகையைத் தரையில் வையுங்கள். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் பனி சரிந்து விழாத இடம், ஆனால் காற்று வாரிக்கொண்டு போகாத இடம். வேலியும் புதர்களும் கொஞ்சம் தள்ளிச் சுற்றிலும் இருக்கும் கொல்லை நல்லது. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், அரை மீட்டர் விழுந்த பிறகு பலகை எங்கே என்று தேடுவது பெரிய வேலை. நேரடியாகப் புல்லில் அளக்காதீர்கள், புல் நுனியில் பனி தங்கி உயரம் கூடிக் காட்டும். சிமென்ட் தரையிலும் வேண்டாம், நவம்பரில் அது இன்னும் சூடாக இருக்கும், விழுந்ததில் பாதி கரைந்துவிடும்.

காலை 7 மணி மாதிரி ஒரு நிலையான நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அளவுகோலை நேராக இறக்கி, கண்ணைப் பனியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை படியுங்கள், சென்டிமீட்டரில் என்றால் தசம இடம் ஒன்று. காற்று அடித்துச் சமமில்லாமல் கிடந்தால் கொல்லையில் குவியலும் வெறுமையும் இல்லாத பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். எழுதியதும் பலகையைத் துடைத்து, புதிய பனியின்மேல் மட்டமாக வையுங்கள். இது புதிதாக விழுந்த பனியின் அளவு. தரையில் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்பது வேறு அளவு, அதைப் பலகை இல்லாத இடத்தில் தனியாக அளந்து தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் அந்தப் பதிவு யாருக்கும் பயன்படாது.

பலகையை எத்தனை முறை துடைக்கலாம் என்பதுதான் முக்கியமான கட்டம். விதி இதுதான்: 24 மணி நேரத்தில் அதிகபட்சம் நான்கு முறை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. ஏரிப் பனி பஞ்சு மாதிரி லேசானது, விழ விழத் தன் எடையிலேயே அமுங்கும். மணிக்கு ஒரு முறை துடைத்துத் துடைத்து அளந்து கூட்டினால் அமுங்குவதற்கு நேரமே கொடுக்காமல் எண் ஊதிப்போகும்.

டக் ஹில்லில் மான்டக்யூ ஊரில் 1997 ஜனவரி 11, 12இல் நடந்ததைச் சொன்னால் இந்த விதியின் கனம் புரியும். 24 மணி நேரத்தில் 77 அங்குலம் விழுந்ததாகப் பதிவானது. கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921 ஏப்ரலில் பதிவான 75.8 அங்குலம்தான் அமெரிக்காவின் தேசிய சாதனை, அது முறிந்துவிட்டது என்று செய்தி பரவியது. வானிலைச் சேவை குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. அளந்தவர் கவனமானவர், அளவிலும் பொய் இல்லை. ஆனால் அந்த 24 மணி நேரத்தில் நான்குக்குப் பதில் ஆறு அளவுகளைக் கூட்டியிருந்தார்கள். அதனால் சாதனையாக ஏற்கவில்லை. ஒன்றே கால் அங்குல வித்தியாசத்தில் இருந்த ஒரு சாதனை, பலகையை இரண்டு தடவை கூடுதலாகத் துடைத்ததால் ஏட்டில் ஏறாமல் போனது. அத்தனை பனிக்கு நடுவே நின்று அளந்தவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குழுவின் முடிவு சரி என்றே நினைக்கிறேன். எல்லாரும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஓர் ஊர் எண்ணை இன்னோர் ஊரோடு வைத்துப் பார்க்க முடியும்.

முன்குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல் வரும். இரவில் 4 செ.மீ. விழுந்து காலை வருவதற்குள் கரைந்துவிடும். அப்போது பதிய வேண்டியது பலகையில் அதிகபட்சமாக நின்ற உயரம், அதாவது அந்த 4 செ.மீ., காலையில் மிஞ்சியது இல்லை. அதனால் பனி நின்றதும், கரையவோ அமுங்கவோ தொடங்கும் முன், ஒரு தடவை போய்ப் பார்த்து எழுதிவிடுங்கள், பலகையைத் துடைக்கத் தேவையில்லை. செதில்கள் பறந்தன, ஆனால் ஒன்றும் தங்கவில்லை என்றால் சுவடு என்று எழுதுங்கள், ஆங்கிலப் படிவத்தில் டி என்ற ஒற்றை எழுத்து.

படி 8: தண்ணீரையும் அளந்து பாருங்கள்

உயரம் பாதிக் கதைதான். கோகோராஸ் என்ற தன்னார்வ மழை அளப்போர் அமைப்பு பரிந்துரைக்கும் மழைமானி நான்கு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளை. குளிர்காலத்தில் அதன் புனலையும் உள்குழாயையும் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளி உருளையை மட்டும் வெளியே விட வேண்டும். காற்று வீசும்போது உருளைக்குள் பனி சரியாக விழாது, ஆகவே பலகையிலிருந்து எடுப்பதுதான் நம்பகமானது. உயரத்தை அளந்த பிறகு உருளையைத் தலைகீழாகப் பிடித்துப் பனிக்குள் நேராக அழுத்தினால் பலகையில் தட்டென்று முட்டும். சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிட்டு, உருளையின் வாய்க்கு அடியில் தோசைத் திருப்பியைச் செருகி அப்படியே தூக்கி நிமிர்த்துங்கள். உள்குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரை அளந்து, அந்த அளவைக் குறித்துக்கொண்டு, பனியின்மேல் ஊற்றிக் கரையுங்கள். பிறகு மொத்தத்தையும் புனல் வழியாக உள்குழாயில் ஊற்றி அளந்து, நீங்கள் ஊற்றியதைக் கழித்துவிடுங்கள்.

30 செ.மீ. பனியில் 15 மி.மீ. தண்ணீர் கிடைத்தால் விகிதம் 20க்கு 1. பொதுவாகச் சொல்லும் 10க்கு 1 என்ற கணக்கு ஏரிப் பனிக்குச் சரிவராது, நல்ல குளிரில் 30க்கு 1கூடப் போகும், அக்டோபர் ஈரப்பனி 10க்கும் கீழே இறங்கும். இந்த எண் கையில் இருந்தால் கூரையில் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது சரியாக 1 கிலோ. மேலே சொன்ன 30 செ.மீ. பனி சதுர மீட்டருக்கு 15 கிலோ. அதே 30 செ.மீ. ஈரப்பனியாக 8க்கு 1 என்று விழுந்திருந்தால் 37 கிலோவுக்கு மேல். தட்டைக் கூரையும் பழைய கார் நிறுத்தும் கொட்டகையும் வைத்திருப்பவர்கள் உயரத்தைவிட இதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 9: அனுப்புங்கள், பூஜ்யத்தையும்

கோகோராஸ் 1998இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் தொடங்கியது. முந்தின வருடம் அந்த ஊரில் பெரிய வெள்ளம் வந்தபோது, ஒரே ஊருக்குள் மழை எவ்வளவு மாறிப் பெய்தது என்பது அளவுகள் போதாமல் முன்கூட்டியே தெரியவில்லை, அதிலிருந்து பிறந்த யோசனை. 2011 முதல் கனடாவிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிந்துகொண்டு தினமும் காலையில் எண்ணை இடலாம். வானிலை அலுவலகங்கள் இதைப் பார்க்கின்றன, எச்சரிக்கையை நீட்டுவதா முடிப்பதா என்று முடிவெடுக்கும்போது பயன்படுத்துகின்றன.

ஒன்றும் விழாத நாளில் 0 என்று இடுவதை விட்டுவிடாதீர்கள். ஏரிப் பனியில் பட்டையின் விளிம்பு எங்கே என்று காட்டுவது அந்த 0தான். உங்கள் தெருவில் 0, இரண்டு மைல் தெற்கே 18 அங்குலம் என்ற இரண்டு பதிவுகளும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். உங்களுடையது வரவில்லை என்றால் அது வெறும் காலியிடம், அங்கே பனி விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கென்று ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பனி நாளுக்கும் ஒரு வரி போதும்: ஏரியின் வெப்பநிலை, 850 மட்டத்தின் வெப்பநிலை, காற்றுத் திசை எத்தனை டிகிரி, நீங்கள் முதல் நாள் இரவு ஊகித்தது, காலையில் பலகையில் இருந்தது. உங்கள் வீட்டுக்கு எந்தத் திசை எவ்வளவு கொண்டுவரும் என்பது எந்த ஆப்பிலும் கிடைக்காது, இரண்டு மூன்று பருவங்கள் எழுதினால் இந்த நோட்டில் கிடைக்கும். பருவக் கணக்கு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும், எனவே அக்டோபரில் பறந்த முதல் சுவடையும் அதில் சேர்த்துவிடுங்கள்.